பயம் வந்தால் உங்கள் கை என்ன செய்கிறது? சர்வைவல் ஹாரருக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

என் ரூம்மேட் ஒருவன் 'அவுட்லாஸ்ட்' கேமை இருபது நிமிடம் ஆடிவிட்டு அன்றைக்கே லேப்டாப்பிலிருந்து அழித்தான். "எனக்கும் ஹாரருக்கும் செட் ஆகாதுடா" என்றான். இரண்டு வருடம் கழித்து அதே ஆள் 'ரெசிடென்ட் ஈவில் 2' ரீமேக்கை மூன்று தடவை முடித்தான். நடுவில் அவனுக்குத் தைரியம் ஒன்றும் வந்துவிடவில்லை. மொட்டை மாடியில் காயும் துணியை ராத்திரியில் எடுக்க இன்றைக்கும் துணைக்கு ஆள் கூப்பிடுவான்.

மாறியது கேம் மட்டும்தான். அவுட்லாஸ்டில் கையில் ஒரு வீடியோ கேமரா, அதற்குப் பேட்டரி. ஆயுதம் கிடையாது. துரத்தினால் ஓட வேண்டும், இல்லாவிட்டால் ஒளிய வேண்டும். இவனோ மாதச் செலவை நோட்டில் எழுதி வைக்கிற ரகம். ரெசிடென்ட் ஈவிலில் அவனுக்கு எண்ணுவதற்குத் தோட்டா இருந்தது, அடுக்குவதற்குப் பெட்டி இருந்தது, எந்தக் கதவு இன்னும் பூட்டியிருக்கிறது என்று சரிபார்க்க மேப் இருந்தது. பயம் குறையவில்லை. ஆனால் பயந்துகொண்டே செய்வதற்கு அவனுக்குப் பிடித்த வேலை ஒன்று கிடைத்துவிட்டது.

அதனால்தான், "இருக்கிறதிலேயே ரொம்பப் பயமான கேம் எது ப்ரோ?" என்று கேட்பவர்களிடம், "பயம் வந்தா உன் கை என்ன செய்யும்?" என்று திருப்பிக் கேட்கிறேன். எண்ணுமா, ஒளிந்துகொள்ளுமா, சுடுமா, பக்கத்தில் இருக்கிறவன் சட்டையைப் பிடிக்குமா? அது தெரிந்தால் முதல் கேமைத் தேர்ந்தெடுப்பது சுலபம்.

படி 1: எதை சர்வைவல் ஹாரர் என்கிறோம்

பேய் வந்தால் மட்டும் அது சர்வைவல் ஹாரர் ஆகிவிடாது. கையில் இருப்பது பத்தாது என்ற நிலைமையும் வேண்டும். தோட்டா, மருந்து, விளக்கு எண்ணெய், பையில் இடம், சேவ் செய்கிற வாய்ப்பு, இதில் ஏதோ ஒன்று எப்போதும் குறைவாகவே இருக்கும். மாசக் கடைசியில் பர்ஸைத் திறந்து பார்க்கிற மனநிலைதான், கூடவே வாசலில் ஒரு ஸாம்பி.

1989இல் ஜப்பானின் கேப்காம் நிறுவனம், டிவியில் இணைத்து ஆடுகிற நின்டெண்டோவின் ஃபேமிகாம் கருவிக்காக 'ஸ்வீட் ஹோம்' என்ற கேமை வெளியிட்டது. ஒரு மாளிகைக்குள் ஐந்து பேர் மாட்டிக்கொள்கிறார்கள். ஒவ்வொருவரும் கொஞ்சப் பொருள்தான் தூக்க முடியும், செத்தவர் திரும்பி வரமாட்டார். 1992இல் பிரான்ஸிலிருந்து 'அலோன் இன் தி டார்க்' வந்தது. சிசிடிவி போல ஒரு மூலையில் நிலையாக நிற்கிற கேமரா அதன் அடையாளம். இந்த இரண்டு வழிகளும் 1996இல் ஷின்ஜி மிகாமி இயக்கிய முதல் 'ரெசிடென்ட் ஈவில்' கேமில் சேர்ந்தன. ஸ்வீட் ஹோமைத் திரும்பச் செய்யலாமே என்ற யோசனையில் ஆரம்பித்த வேலை அது. கதவு மெதுவாகத் திறக்கிற காட்சிகூட அங்கிருந்து வந்ததுதான். சர்வைவல் ஹாரர் என்ற பெயர் ஊரெல்லாம் பரவியதும் இந்த கேமோடுதான்.

வரலாறு இவ்வளவு போதும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: பழைய கேம்களில் ஆளை நடத்துவதே லாரியை ரிவர்ஸ் எடுக்கிற மாதிரி இருக்கும். ஆர்வக்கோளாறில் 1996 பதிப்பிலிருந்தே ஆரம்பிக்க வேண்டாம். 2002இல் வந்த ரீமேக்கின் ஹெச்டி வடிவம் 2015இல் வெளியானது. அதில் இந்தக் காலத்துக்கு ஏற்ற கன்ட்ரோல் முறையும் இருக்கிறது.

படி 2: பணம் போகாமல் சோதித்துப் பாருங்கள்

கம்ப்யூட்டர் கேம் விற்கிற ஸ்டீம் என்ற ஆன்லைன் கடையில் வாங்கினால் 14 நாளுக்குள், ஆடிய நேரம் 2 மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால், பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அந்த இரண்டு மணி நேரம்தான் உங்கள் சோதனைக்கூடம். பக்கத்தில் ஒரு நண்பரை உட்கார வைத்து அரை மணி நேரம் ஆடுங்கள். அவர் திரையைப் பார்க்க வேண்டாம், உங்களைப் பார்க்கட்டும். முதல் இருட்டு அறைக்குள் போனதும் என்ன செய்தீர்கள்? எல்லா டிராயரையும் திறந்து பார்த்தீர்களா? சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றீர்களா? கீழே கிடந்த கடிதத்தை எடுத்துப் படித்தீர்களா? கண்டதையெல்லாம் சுட்டீர்களா? நண்பர் பக்கம் திரும்பிச் சிரித்தீர்களா?

டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தில் மத்தியாஸ் கிளாசன் முதலானவர்கள் இதையே பணம் கட்டிப் போகிற ஒரு பேய் வீட்டில் வைத்து ஆராய்ந்திருக்கிறார்கள். வருகிறவர்களில் சிலர் வேண்டுமென்றே பயத்தை ஏற்றிக்கொள்கிறார்கள், சிலர் பல்லைக் கடித்துக்கொண்டு அதை அடக்குகிறார்கள். வெளியே வரும்போது இரண்டு கூட்டத்துக்கும் திருப்தி ஏறக்குறைய ஒன்றுதான். வாழ்க்கையில் இருக்கிற பதற்றத்தைச் சமாளிக்கவே திகிலைத் தேடுகிற மூன்றாவது ரகமும் இருப்பதாகப் பிறகு கண்டார்கள். 2020இல் வந்த அவர்களின் இன்னொரு ஆய்வு எனக்குப் பிடித்தது. பயம் மிகக் குறைந்தாலும் சலிப்பு, மிக ஏறினாலும் அவஸ்தை, நடுவில் ஓர் அளவில்தான் ரசிப்பு உச்சத்தில் இருக்கிறது. சாம்பாரில் உப்பு போடுகிற எல்லோருக்கும் இது தெரிந்ததுதான் என்றாலும், அவர்கள் இதயத்துடிப்பை அளந்து சொன்னார்கள்.

ஆகவே, "பயப்படுகிறவனுக்கு ஹாரர் எதற்கு?" என்று யாராவது கிண்டல் செய்தால் கண்டுகொள்ளாதீர்கள். பல்லைக் கடித்துக்கொண்டு ஆடுவதும் ஆட்டம்தான்.

படி 3: உங்கள் ரகம் எது

கீழே சொல்லும் ரகங்களில் ஒன்றே ஒன்றில் அடங்குகிற ஆள் யாரும் இல்லை. நானே பாதி எண்ணுகிறவன், பாதி படிக்கிறவன். எது முன்னால் நிற்கிறது என்று மட்டும் பாருங்கள்.

*எண்ணுகிறவர்.* இந்த வகை கேம்களே முதலில் இவருக்காகத்தான் பிறந்தன. முதல் ரெசிடென்ட் ஈவிலில் ஜில் என்ற பாத்திரத்துக்குப் பையில் 8 இடம், கிறிஸுக்கு 6. ஒரு துப்பாக்கி, அதற்குத் தோட்டா, ஒரு மூலிகை, ஒரு சாவி என்று எடுத்தாலே கிறிஸின் பையில் பாதிக்கு மேல் போய்விடும். சேவ் செய்ய டைப்ரைட்டர் வேண்டும், அதற்கு மை ரிப்பன் வேண்டும், ஒவ்வொரு சேவுக்கும் ஒரு ரிப்பன் கழியும். இப்போது சேவ் செய்யலாமா, இன்னும் இரண்டு அறை தாண்டிச் செய்யலாமா? இந்தக் கணக்கில் வருகிற வியர்வைதான் இவருக்கு ருசி.

2002 ரீமேக்கில் இதை இன்னும் கொடூரமாக்கினார்கள். ஸாம்பியைச் சுட்டு வீழ்த்திவிட்டு அப்படியே விட்டால், சில நேரம் கழித்து அது கிரிம்சன் ஹெட் என்ற வேகமான மிருகமாக எழுந்து வரும். தலை சிதறியிருக்க வேண்டும், இல்லையென்றால் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்த வேண்டும். மண்ணெண்ணெயும் அளவோடுதான். அதனால் ஒவ்வொரு பிணமும் ஒரு கடன் பாக்கி மாதிரி மேப்பில் உட்கார்ந்திருக்கும். எந்த வராண்டாவில் எத்தனை பேரை விழுத்திவிட்டு வந்தோம் என்று தூங்கும்போதுகூட ஞாபகம் வரும். இதைப் படிக்கும்போதே, "அட, நல்லா இருக்கே!" என்று தோன்றினால் நீங்கள் எண்ணுகிறவர். "ஐயோ, இது வேலை மாதிரில்ல இருக்கு" என்று தோன்றினால் அடுத்த ரகத்துக்குப் போங்கள்.

இவருக்கு முதல் கேமாக நான் சொல்வது 2019இல் வந்த ரெசிடென்ட் ஈவில் 2 ரீமேக். ஒரு அறையில் எடுக்க வேண்டிய பொருள் பாக்கி இருந்தால் மேப்பில் அது சிவப்பாக இருக்கும், எல்லாம் எடுத்தாகிவிட்டால் நீலமாகும். வீட்டைக் கூட்டிப் பெருக்கி முடித்த நிம்மதி அந்த நீலத்தில் இருக்கிறது. ஒரு சாவிக்கு வேலை முடிந்ததும் அதன்மேல் ஒரு டிக் விழும், தூக்கிப் போட்டுவிடலாம். இது பிடித்துப்போனால் அடுத்து 2022இல் வந்த 'சிக்னாலிஸ்'. முக்கியமாக இரண்டே பேர் உருவாக்கியது, பையில் 6 இடம்தான்.

*ஒளிகிறவர்.* சின்ன வயதில் கண்ணாமூச்சி ஆடும்போது கட்டிலுக்கு அடியில் மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தது ஞாபகம் இருக்கிறதா? தேடுகிறவரின் கால் மட்டும் தெரியும். அந்தச் சுகம் தேடுகிறவர் இவர். 2010இல் ஸ்வீடனின் ஃப்ரிக்‌ஷனல் கேம்ஸ் வெளியிட்ட 'அம்னீஷியா: தி டார்க் டிசென்ட்' இவருக்கானது. சண்டையே கிடையாது. இருட்டில் நின்றால் புத்தி தடுமாறும், வெளிச்சத்தில் நின்றால் மாட்டிக்கொள்வீர்கள். அந்த ஜந்துவை உற்றுப் பார்த்தாலும் புத்தி தடுமாறும். எது துரத்துகிறது என்று பார்க்கவே விடாத கேம்.

இதற்கு நேர் எதிர் ஜப்பானின் 'ஃபேட்டல் ஃப்ரேம்'. 2001இல் வந்தது. அதில் ஆயுதமே ஒரு பழைய கேமராதான், பேயைப் படம் பிடித்துத்தான் விரட்ட வேண்டும். பேய் எவ்வளவு கிட்ட வருகிறதோ அவ்வளவு பலமாக அடி விழும். கை நீட்டிப் பிடிக்கப் போகிற அந்தக் கடைசிக் கணத்தில் கிளிக் செய்தால் அடி இன்னும் பெரிது. பயந்தால் கண்ணை மூடுகிற பழக்கம் உள்ளவரா? அம்னீஷியா உங்களுக்கு ஒத்துழைக்கும். ஃபேட்டல் ஃப்ரேம் உங்கள் இமையைப் பிடித்துத் திறந்து வைக்கும்.

இந்த ரகத்தின் உச்சம் 2014இல் வந்த 'ஏலியன்: ஐசொலேஷன்'. ஒரு விண்வெளி நிலையம், துரத்துகிற ஒரு ஏலியன், அதைக் கொல்ல முடியாது. இதன் உள் வேலைப்பாடு தெரிந்தால் ஆடுவது எளிதாகும். ஏலியனை நடத்துவது இரண்டு மூளை. மேலே இருக்கிற மூளைக்கு நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று எப்போதும் தெரியும், ஆனால் அது ஏலியனிடம் "அந்தப் பக்கம் போய்த் தேடு" என்று பொதுவாக மட்டும்தான் சொல்லும். கீழே இருக்கிற ஏலியன் தன் கண்ணையும் காதையும் வைத்துத்தான் உங்களைக் கண்டுபிடிக்க வேண்டும். ரொம்ப நேரம் உங்களை நடுங்க வைத்துவிட்டோம் என்று தோன்றினால், மேல் மூளை அதைக் கொஞ்சம் தள்ளி அனுப்பிவிடும். எனவே அது உங்கள் மேசையைச் சுற்றியே வட்டமடித்தால் பதறி ஓடாதீர்கள், பொறுத்திருங்கள், போய்விடும். கூரையில் இருக்கிற ஓட்டையிலிருந்து எச்சில் சொட்டினால் அதற்குக் கீழே மட்டும் நடக்காதீர்கள்.

அந்தக் கேமில் சேவ் செய்வதற்கே சில நொடி ஆகும், அந்த நொடிகளிலும் அது வந்து அடித்துவிடலாம். கன்சோல்களில் பிளேஸ்டேஷன் கேமராவையோ எக்ஸ்பாக்ஸின் கினெக்ட் கேமராவையோ இணைத்தால் உங்கள் அறையில் கேட்கும் சத்தத்தையும் ஏலியன் கேட்கிற வசதி வைத்திருந்தார்கள். நம் வீட்டு அடுக்களையில் குக்கர் விசில் அடிக்கிற நேரத்தில் அதை ஆன் செய்வது தற்கொலைக்குச் சமம்.

கன்சோலும் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை என்றால் போனில் 'கிரானி' இருக்கிறது. 2017இல் வந்த இலவச கேம். தமிழ் யூடியூபர்கள் பலர் கத்திக் கத்தி ஆடியதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வீட்டை விட்டுத் தப்ப ஐந்து நாள் அவகாசம், ஒரு பாட்டி, எது கீழே விழுந்தாலும் அவளுக்குக் கேட்டுவிடும். கிராபிக்ஸைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். ஒளிகிற ரகமா இல்லையா என்று பைசா செலவில்லாமல் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி கிடையாது.

*சுடுகிறவர்.* இவரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பயம் கோபமாக மாறுகிற ஆள். 2005இல் வந்த 'ரெசிடென்ட் ஈவில் 4', அல்லது 2023இல் வந்த அதன் ரீமேக், கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். 'டெட் ஸ்பேஸ்' (2008, ரீமேக் 2023) இன்னொன்று. அதில் தலையில் சுட்டுப் பயனில்லை, கை கால்களை அறுக்க வேண்டும். கதாநாயகன் ஒரு இன்ஜினியர், ஆயுதம் சுரங்க வேலைக்கான கருவி, ரத்த அளவை, அதாவது உயிர் எவ்வளவு மிச்சம் என்பதைக் காட்டும் கோடு அவன் உடையின் முதுகுத்தண்டிலேயே எரியும். ரத்தக்களறி கொஞ்சம் அதிகம் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

*படிக்கிறவர்.* இவருக்கு ராட்சசன் முக்கியமில்லை, ஏன் அவன் அங்கே இருக்கிறான் என்பதுதான் முக்கியம். 2001இல் வந்த 'சைலன்ட் ஹில் 2' இவர்களுக்கு ஒரு கோயில் மாதிரி. இறந்துபோன மனைவியிடமிருந்து கடிதம் வருகிறது, ஜேம்ஸ் என்பவன் அவளைத் தேடி மூடுபனி ஊருக்குள் போகிறான். 1999இல் வந்த முதல் பாகத்தில் அந்தப் பனி வந்ததற்கு ஒரு காரணம், தூரத்தில் இருப்பதை வரைய பிளேஸ்டேஷனுக்குச் சக்தி போதாததுதான். இல்லாமையை மறைக்கப் போட்ட திரையே அந்த ஊரின் முகமாகிவிட்டது.

இரண்டாம் பாகம் உங்களிடம் கேள்வி எதுவும் கேட்காது, ஆனால் கவனித்துக்கொண்டே இருக்கும். ரத்தம் குறைந்த நிலையிலும் மருந்து எடுக்காமல் நடந்தால் குறித்துக்கொள்ளும். ஒரு கத்தியைப் பையிலிருந்து எடுத்து எடுத்துப் பார்த்தால் அதையும் குறித்துக்கொள்ளும். கடைசியில் எந்த முடிவு கிடைக்கிறது என்பது இதையெல்லாம் வைத்துத்தான். முதல் தடவை முடித்துவிட்டு இது தெரியவந்தபோது, ஒரு கேம் என்னைப் பற்றி இவ்வளவு நேரம் நோட்டு எழுதிக்கொண்டிருந்ததா என்று எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவே இருந்தது. 2024இல் ப்ளூபர் டீம் செய்த ரீமேக் புதியவர்களுக்கு வசதி. சண்டை எவ்வளவு கடினம், புதிர் எவ்வளவு கடினம் என்று தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம். படிக்கிறவர்கள் சண்டையை இறக்கி வையுங்கள், ஒரு குற்றமும் இல்லை. தற்கொலை, குழந்தைப் பருவத்தில் நடந்த வன்கொடுமை ஆகியவை கதைக்குள் வருகின்றன. அவை உங்களைப் பாதிக்கும் என்றால் தெரிந்துகொண்டே போங்கள்.

சாதாரண லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு 'டிடென்ஷன்' சொல்வேன். தைவானின் ரெட் கேண்டில் கேம்ஸ் 2017இல் வெளியிட்டது. 1960களில் அங்கே ராணுவச் சட்டம் இருந்த காலம், ஒரு பள்ளிக்கூடம், யார் யாரைக் காட்டிக்கொடுத்தார்கள் என்ற கதை. பேயைக் கடக்க மூச்சை அடக்க வேண்டும். ஓரிரு சாயங்காலத்தில் முடிந்துவிடும், மனசிலிருந்து போகாது. அம்னீஷியா செய்தவர்களின் 'சோமா' (2015) இன்னொன்று. அதில் எந்த ஜந்துவும் கொல்லாத ஒரு மோடை (ஆட்ட முறையை) பிறகு சேர்த்தார்கள். கதைக்காக மட்டும் வருகிறவர்களுக்குப் போட்ட தனிப் பந்தி அது.

*கும்பலாகக் கத்துகிறவர்.* நாலு பேர் சேர்ந்தால் பயம் பாதி சிரிப்பாகிவிடும். 'ஃபாஸ்மோஃபோபியா' (2020) நாலு பேரை ஒரு வீட்டுக்குள் அனுப்பி, அங்கே இருப்பது என்ன வகைப் பேய் என்று மூன்று தடயத்தை வைத்துக் கண்டுபிடிக்கச் சொல்கிறது. மைக்கில் நீங்கள் பேசுவது பேய்க்கும் கேட்கும். 'லீத்தல் கம்பெனி' (2023) ஒரே ஆள் உருவாக்கியது. நண்பன் தள்ளிப் போகப் போக அவன் குரல் தேயும். "மச்சி, இங்க ஒண்ணு இருக்கு…" என்று பாதியில் குரல் நின்றுபோனால் அவ்வளவுதான். ஹாரரே வேண்டாம் என்று சொல்கிற ஆட்களைக்கூட இழுத்து வந்து உட்கார வைக்கிற கேம். ஒருவர் கொலைகாரன், நாலு பேர் தப்ப வேண்டும் என்ற போட்டி வேண்டுமென்றால் 'டெட் பை டேலைட்' (2016) இருக்கிறது. அதைப் புதியவர்களுக்கு நான் சிபாரிசு செய்வதில்லை. ஆயிரக்கணக்கான மணி நேரம் ஆடியவர்கள் நடுவே போய் விழுந்தால் பயத்தைவிட அவமானம்தான் மிஞ்சும்.

*பார்க்கிறவர்.* இவர் கன்ட்ரோலரைத் தொடமாட்டார். பின்னால் தலையணையைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்து, "அந்த ரூமுக்குப் போகாதே, சொன்னா கேளு" என்பார். இதை ஒரு ரகமாகவே யாரும் சேர்ப்பதில்லை, நான் சேர்க்கிறேன். எங்கள் வீட்டில் புதிரில் பாதியைத் தீர்த்தது என் அக்காதான். அவள் இன்றுவரை ஒரு பட்டனையும் அழுத்தியதில்லை. உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் புதிர் நிறைய இருக்கிற கேமாக வாங்குங்கள்.

*திரும்பத் திரும்ப ஆடுகிறவர்* கடைசி ரகம். புதியவர் யாரும் இப்படி ஆரம்பிப்பதில்லை, ஆனால் சிலர் இங்கே வந்து சேர்வார்கள். முதல் ரெசிடென்ட் ஈவிலை 3 மணி நேரத்துக்குள் முடித்தால் தோட்டா தீராத ராக்கெட் லாஞ்சர் பரிசு. ரீமேக்கில் எதிரிகளே கண்ணுக்குத் தெரியாத ஒரு மோட்கூட உண்டு. ரெசிடென்ட் ஈவில் 2இல் வெறும் கத்தியோடு கிளம்புகிற ஒரு டோஃபு (சோயா பன்னீர்) கட்டியாக ஆடலாம், கேலியில்லை, நிஜமாகவே டோஃபு. பயம் தேய்ந்துபோன பிறகு அந்த மாளிகை இவர்களுக்குப் பழகிய பஸ் ரூட் மாதிரி.

படி 4: அறையைத் தயார் செய்யுங்கள்

ஹெட்செட் கட்டாயம். இந்த கேம்களில் பாதித் தகவல் காது வழியாகத்தான் வரும். யார் வருகிறார், எந்தப் பக்கம், எந்த மாடி என்பதெல்லாம் காலடிச் சத்தம்தான். பிரைட்னஸ் வைக்கும்போது, "இந்தச் சின்னம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு இறக்குங்கள்" என்று கேம் சொல்லும். ஜன்னலில் வெயில் அடிக்கிற மத்தியானத்தில் அதைச் செய்யாதீர்கள், ராத்திரியில் எல்லாம் வெளுத்துப்போய்த் தெரியும். எந்த நேரத்தில் ஆடப்போகிறீர்களோ அந்த நேரத்திலேயே வையுங்கள்.

கடினத்தை இறக்கி வைக்க வெட்கப்படாதீர்கள். தோட்டா அதிகம் கிடைத்தாலும் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியப்போவதில்லை. 'குரோ கன்ட்ரி' (2024) என்ற கேமில் எதிரிகளே தாக்காத மோட் இருக்கிறது. பழைய பிளேஸ்டேஷன் காலத்து வாசனையும் உண்டு.

நான் சொன்னவற்றில் பெரும்பாலானவை வயது வந்தவர்களுக்கான கேம்கள். வீட்டில் குழந்தைகள் முழித்திருக்கும்போது ஹாலில் போட வேண்டாம்.

படி 5: முதல் இரண்டு மணி நேரம்

ரெசிடென்ட் ஈவில் 2 ரீமேக்கையே எடுத்துக்கொள்கிறேன். புதியவர்களில் அதிகம் பேர் அதில்தான் ஆரம்பிக்கிறார்கள், அதில் படித்த பாடம் மற்ற இடங்களிலும் செல்லும். லியான், கிளேர் என்ற இரண்டு பாத்திரங்களில் லியானை எடுங்கள். ஸ்டாண்டர்ட் மோட் போதும். எவ்வளவு வேண்டுமானாலும் சேவ் செய்யலாம். இன்னும் கடினமான ஹார்ட்கோர் மோடில்தான் மை ரிப்பன் கேட்கும். கை நடுங்குகிறது என்றால் அசிஸ்டட் மோடில் குறி வைக்க உதவி கிடைக்கும், ரத்தமும் கொஞ்சம் தானாக ஏறும்.

போலீஸ் ஸ்டேஷனுக்குள் நுழைந்ததும் பெரிய ஹால் ஒன்று, நடுவில் ஒரு தேவதைச் சிலை. மூன்று பதக்கங்களைக் கொண்டுவந்து பொருத்தினால் வழி திறக்கும். ஆரம்பக் கட்டம் முழுக்க அந்த மூன்றைத் தேடுவதுதான். இங்கே எல்லோரும் செய்கிற தவறு, கண்ணில் பட்ட ஸாம்பியையெல்லாம் தலையில் சுட்டுக் கொல்லப் பார்ப்பது. ஒரு தலைக்கு எத்தனை தோட்டா என்பது நிச்சயமில்லை. மூன்றில் விழும், சில நேரம் ஏழிலும் விழாது. அதற்குப் பதில் இப்படி யோசியுங்கள்: இந்த வராண்டாவில் இன்னும் எத்தனை தடவை நடப்பேன்? ஒரு தடவை என்றால் தாண்டி ஓடுங்கள். பத்துத் தடவை என்றால் செலவு செய்யலாம். இரண்டுக்கும் நடுவில் என்றால் காலில் சுடுங்கள். கால் போன ஸாம்பி தரையில் ஊர்ந்துதான் வரும், சுற்றிப் போய்விடலாம்.

மரப்பலகை கிடைத்தால் ஜன்னலில் அடியுங்கள். அடிக்காத ஜன்னல் வழியாகப் புது ஆட்கள் உள்ளே வருவார்கள், நீங்கள் சுத்தம் செய்த வராண்டா மறுபடி நிரம்பும். மேற்குப் பக்க வராண்டாவிலிருந்து தொடங்குங்கள், அங்கேதான் போகவர இருப்பீர்கள்.

மூலிகைகளைக் கலந்து வையுங்கள். பச்சையும் சிவப்பும் சேர்ந்தால் முழு ரத்தமும் ஏறும், இரண்டு இடம் பிடித்தது ஓர் இடமாகும். சிவப்பைத் தனியாகச் சாப்பிட முடியாது. கதவைத் தாண்டுமுன் பையில் இரண்டு இடமாவது காலியாக இருக்கட்டும். சாவி கிடைத்த இடத்தில் வைக்க இடமில்லாமல் பெட்டிவரை திரும்பி நடப்பதைவிட எரிச்சல் வேறில்லை.

லிக்கர் என்று தோல் உரித்த மாதிரி ஒன்று வரும், நீண்ட நாக்கோடு. அதற்குக் கண் தெரியாது. ஓடாமல், சுடாமல், மெதுவாக நடந்தால் பக்கத்திலேயே கடந்துவிடலாம். படிப்பதற்கு எளிது. முதல் தடவை நானும் ஓடினேன், செத்தேன்.

பிறகு மிஸ்டர் எக்ஸ். தொப்பி போட்ட ஏழடி மலை. சுட்டால் ஒரு முட்டி போடுவான், கொஞ்ச நேரத்தில் எழுந்துவிடுவான், சாகமாட்டான். அவனுக்காகத் தோட்டாவை வீணாக்காதீர்கள். டம் டம் என்று காலடி மேல் மாடியில் கேட்டால் நீங்கள் கீழே வேலையை முடியுங்கள், கீழே கேட்டால் மேலே போங்கள். டைப்ரைட்டர் இருக்கிற சின்ன அறைகளுக்குள் பெரும்பாலும் வரமாட்டான், பெரிய ஹாலை மட்டும் நம்ப வேண்டாம். எண்ணுகிறவர்களுக்கு இவனைக் கண்டாலே எரிச்சல், நிதானமாக அடுக்க விடமாட்டான். ஒளிகிறவர்களுக்கோ ஆட்டமே இவன் வந்த பிறகுதான் ஆரம்பம். உங்கள் ரகம் இன்னும் புரியவில்லை என்றால் இந்த இடத்தில் புரிந்துவிடும்.

படி 6: முடியவில்லை என்றால்

சேவ் அறையில் நிறுத்துங்கள், வராண்டாவில் நிறுத்தாதீர்கள். பாதி வராண்டாவில் அணைத்துவிட்டுப் போனால் மறுநாள் திறக்கவே மனசு வராது. பாதுகாப்பான அறையில், அந்த மெல்லிய இசை ஓடும்போது நிறுத்தினால் திரும்பி வருவது சுலபம். ஒரே இடத்தில் நாலு தடவை செத்தால் அந்த அறையை மட்டும் யாராவது ஆடுகிற வீடியோவில் பாருங்கள். என்ன வருகிறது என்று தெரிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும், மீதிப் பாதியோடு ஆடலாம். ஒரு வாரம் விட்டும் தொடப் பிடிக்கவில்லையா? ரகம் மாறிவிட்டது. கேமை மாற்றுங்கள், உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள்.

முடித்துவிட்டீர்கள் என்றால் அடுத்தது. மேப் நீலமாவதில் சுகம் கண்டவர்கள் முதல் ரெசிடென்ட் ஈவில் ரீமேக்குக்குப் போங்கள். மிஸ்டர் எக்ஸின் காலடிக்காகக் காத்திருந்தவர்கள் ஏலியனிடம் போங்கள். அங்கங்கே கிடந்த டைரிகளை ஒன்று விடாமல் படித்தவர்கள் சைலன்ட் ஹிலுக்கு பஸ் ஏறலாம். ஸாம்பி தலை வெடித்தபோது சிரித்தவர்களுக்கு டெட் ஸ்பேஸ்.

என் ரூம்மேட் மூன்றாவது தடவை முடித்தபோது பக்கத்தில்தான் இருந்தேன். கடைசிப் பெரிய எதிரி விழுந்து, பெயர்கள் மேலே ஓட ஆரம்பித்துவிட்டன. கடைசியாகத் திறந்தபோது அவன் பெட்டிக்குள் நூற்றுச் சொச்சம் கைத்துப்பாக்கித் தோட்டா, ஆறு கலந்த மூலிகை, தொடாத ஒரு கிரனேட். "இதெல்லாம் எப்போடா யூஸ் பண்ணப் போறே?" என்று கேட்டேன்.

"இருக்கட்டும்டா" என்றான்.